நோய் இல்லை என்று எப்படித் தெரியும்?

மாணவர்களே, போலியோ வந்த குழந்தையை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா? தொண்டை அடைப்பான் வந்த குழந்தையை? கக்குவான் இருமலில் மூச்சுத் திணறும் கைக்குழந்தையை? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் பாட்டியிடமோ கொள்ளுப்பாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள். தோட்டத்து லயத்தில் யாருக்கு எந்த நோய் வந்தது, யார் பிழைத்தார், யார் போய்ச் சேர்ந்தார் என்று அவர்களுக்கு நினைவிருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. இன்று, இந்த நிமிடத்தில், தெலுக் பங்லிமா காராங்கில் போலியோ நோயாளி ஒருவர்கூட இல்லை என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

“நான் யாரையும் பார்க்கவில்லையே” என்பீர்கள். அது விடையாகாது. பார்க்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. வீட்டில் பாம்பு இல்லை என்று சொல்ல வேண்டுமானால் விளக்கை ஏற்றி, கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடியிருக்க வேண்டும். தேடாமலே “இல்லை” என்பவரை நம்பி யாரும் தரையில் பாய் விரிக்க மாட்டார்கள்.

நோய்களையும் அப்படி ஒவ்வொரு நாளும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆய்வகத்தில் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருக்கும் விஞ்ஞானிகள் மட்டுமல்லர். நம் வீடுகளில் ‘மிஸ்ஸி’ என்று அழைக்கும் தாதியர், மருத்துவ உதவி அதிகாரிகள், கிளினிக் மருத்துவர்கள், மாவட்டச் சுகாதார அலுவலக ஊழியர்கள் எல்லாரும் இந்தக் காவல் வேலையில் பங்குள்ளவர்கள். இதற்கு நோய்க் கண்காணிப்பு என்று பெயர். தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்களைக் கண்காணிக்க அவர்கள் என்னென்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும், அந்த அறிவு மங்கிப்போனால் என்ன நடக்கும் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஊரின் இருப்பிடமே ஒரு பாடம்

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுக் பங்லிமா காராங், சிலாங்கூரின் கோலா லங்காட் மாவட்டத்தில், கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் இருக்கிறது. வடக்கே கிள்ளான் துறைமுகம். பக்கத்து மாவட்டமான சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம். ஊருக்குள் தொழிற்பேட்டைகள், அவற்றில் பல நாட்டுத் தொழிலாளர்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். ஆற்றைக் கடந்தால் மா மெரி பூர்வகுடி மக்கள் வாழும் கேரித் தீவு.

கப்பலிலும் விமானத்திலும் சரக்கும் மனிதர்களும் வருவதுபோல் கிருமிகளும் வரும். கிருமிக்குக் கடப்பிதழ் இல்லை. விடுமுறைக்கு வெளிநாடு போய்த் திரும்பும் நம் குடும்பமும் அதைக் கொண்டு வரலாம். ஆகவே, உலகில் ஏதோ ஒரு மூலையில் ஒரு நோய் இருக்கும்வரை இந்த ஊர்க் கிளினிக்கில் இருப்பவருக்கும் அதன் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள்தான் தாதி: மூன்று நோயாளிகள்

இன்று ஒரு நாளைக்கு நீங்கள் சுகாதார கிளினிக்கில் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் முப்பது பேர். அவர்களில் மூன்று பேரை மட்டும் கவனிப்போம்.

முதலாவது, 4 வயதுச் சிறுமி. மூன்று நாள் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்கள். இன்று காலை முகத்திலிருந்து கழுத்து நோக்கிச் செந்தடிப்பு பரவுகிறது. நீர் கோத்த கொப்புளங்கள் இல்லை.

இரண்டாவது, 6 வயதுச் சிறுவன். நேற்று வரை ஓடியாடினான். இன்று வலது கால் துவண்டு தொங்குகிறது. “கீழே விழுந்திருப்பான் மிஸ்ஸி, எண்ணெய் தேய்த்தோம்” என்கிறார் பாட்டி.

மூன்றாவது, 7 வயதுச் சிறுவன். தொண்டை வலி, இலேசான காய்ச்சல். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தால், உள்நாக்குச் சதையின் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கிறது. கழுத்து வீங்கியிருக்கிறது.

அவசரத்தில் என்ன தோன்றும்? முதலாவது டெங்கியாக இருக்கலாம். சிலாங்கூரில் டெங்கிக்குக் குறைவில்லை. இரண்டாவது அடிபட்டதாக இருக்கலாம். மூன்றாவது சாதாரணத் தொண்டைப் புண். மூன்று ஊகங்களும் சரியாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. இருந்தாலும் பயிற்சி பெற்றவர் முதலாவதைப் பார்த்ததும் தட்டம்மையையும், இரண்டாவதைப் பார்த்ததும் போலியோவையும், மூன்றாவதைப் பார்த்ததும் தொண்டை அடைப்பானையும் நினைப்பார். “உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம்” என்று காத்திருக்கவும் மாட்டார்.

இங்குதான் ‘சந்தேக நோயாளி’ என்ற வரையறை உதவுகிறது. காய்ச்சலும் செந்தடிப்பும் சேர்ந்திருந்தால் தட்டம்மைச் சந்தேகம். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவருக்குக் கையோ காலோ திடீரெனத் துவண்டால் போலியோச் சந்தேகம். அவ்வளவுதான். வேண்டுமென்றே வரையறையை இப்படி அகலமாக வைத்திருக்கிறார்கள்.

ஏன்? கடலோரத்தில் வாழும் உங்களுக்கு இது எளிதில் புரியும். பெரிய மீன் மட்டும் போதுமென்றால் பெரிய கண் வலை வீசலாம். ஒரு சிறு மீன்கூடத் தப்பக் கூடாது என்றால் சிறு கண் வலைதான் வீச வேண்டும். அதில் குப்பையும் சேர்ந்து வரும். கரைக்கு வந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம். கிளினிக்கின் வேலை சிறு கண் வலையை வீசுவது. பிரித்தெடுப்பது ஆய்வகத்தின் வேலை.

ஏன் இரண்டு மாதிரி? ஏன் 14 நாள்?

சந்தேகப்பட்டால் போதாது. எந்த மாதிரியை, எப்போது, எப்படி எடுப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகள்போல் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது.

கால் துவண்ட சிறுவனிடமிருந்து மல மாதிரி எடுப்பார்கள். காலில் நோய், மலத்தில் சோதனையா? ஆம். போலியோ கிருமி வாய்வழியாக உள்ளே போய்க் குடலில்தான் முதலில் பெருகுகிறது. அங்கிருந்து நரம்பு மண்டலத்துக்குப் போய்த் தசையை இயக்கும் நரம்புச் செல்களை அழிக்கிறது. எனவே கிருமியைத் தேட வேண்டிய இடம் குடல்.

இரண்டு மாதிரி எடுப்பார்கள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது 24 மணி நேர இடைவெளி இருக்கும். கிருமி எல்லா நேரமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. ஒருமுறை தேடித் தப்பினால் மறுமுறை அகப்படலாம்.

கால் துவண்ட 14 நாள்களுக்குள் எடுத்துவிட வேண்டும். முதல் இரண்டு வாரத்தில்தான் கிருமி அதிகமாக வெளியேறும். பிறகு தேடினால், நோய் இருந்தும் சோதனையில் ‘இல்லை’ என்று வரலாம். மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைத்தே அனுப்ப வேண்டும். வெயிலில் கிடந்தால் கிருமி அழிந்து, அப்போதும் ‘இல்லை’ என்ற பொய் விடை வரும். தடுப்பூசியைக் குளிர் மாறாமல் கிளினிக்குக்குக் கொண்டு வருகிறார்கள் அல்லவா? மாதிரி அதே குளிரில் எதிர்த்திசையில் பயணம் செய்கிறது.

60 நாள் கழித்து அந்தச் சிறுவனை மறுபடியும் பார்ப்பார்கள். கால் வலு திரும்பிவிட்டதா, பலவீனம் நிலைத்துவிட்டதா என்று குறிப்பார்கள். போலியோ என்றால் பலவீனம் பெரும்பாலும் நிலைத்துவிடும்.

தட்டம்மைச் சந்தேகத்துக்கு இரத்தம் எடுப்பார்கள். கிருமியை எதிர்த்து உடல் புதிதாக உருவாக்கிய எதிர்ப்பொருள் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தப் புது எதிர்ப்பொருள் சில வாரங்களில் குறைந்துவிடும் என்பதால் இதற்கும் காலக்கெடு உண்டு. அதற்குள் அந்தச் சிறுமியை மற்ற நோயாளிகளிடமிருந்து பிரித்து உட்கார வைக்க வேண்டும். தட்டம்மைக் கிருமி காற்றில் பரவக்கூடியது. நோயாளி எழுந்துபோன பிறகும் அந்த அறையின் காற்றில் 2 மணி நேரம்வரை அது நீடிக்கும்.

தொண்டை அடைப்பான் சந்தேகத்தில் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார்கள். ஆனால் முடிவு வரும்வரை மருந்துக்குக் காத்திருக்க மாட்டார்கள். அந்தப் பாக்டீரியா உமிழும் நச்சு இரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். நச்சுமுறி மருந்து, செல்களுக்குள் இன்னும் புகாத நச்சை மட்டுமே செயலிழக்கச் செய்யும். உள்ளே புகுந்ததை அதனால் மீட்க முடியாது. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் அந்தச் சிறுவனின் இதயத்துக்குச் சேதம்.

ஆக, சுகாதார ஊழியருக்கு நான்கு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். யாரைச் சந்தேகிப்பது? எந்த மாதிரி எடுப்பது? எத்தனை நாளுக்குள்? யாருக்குத் தெரிவிப்பது? நான்கில் ஒன்று தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

கணிதம் பிடித்தவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போலியோ கிருமி தொற்றும் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை, கால் நிரந்தரமாகச் செயலிழக்கும். மற்றவர்களில் பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது; சிலருக்கு இலேசான காய்ச்சல். அப்படியானால், கால் துவண்ட ஒரு குழந்தையைக் கண்டால் ஏறத்தாழ 200 பேரிடம் கிருமி ஏற்கெனவே பரவியிருக்கிறது என்று பொருள். அந்த ஒரு குழந்தையைத் தவறவிட்டால் 200 பேரையும் தவறவிட்டோம்.

அடுத்தது தட்டம்மை. எதிர்ப்புச் சக்தியே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்ற வைப்பார். 18 என்றே எடுத்துக்கொள்வோம். நோய் பரவாமல் நிற்க, அந்த 18 பேரில் 17 பேராவது எதிர்ப்புச் சக்தியோடு இருக்க வேண்டும். 17ஐ 18ஆல் வகுத்தால் 0.944, அதாவது நூற்றுக்கு 94க்கும் மேல். “95 விழுக்காட்டினருக்காவது இரண்டு தவணை தட்டம்மைத் தடுப்பூசி போட வேண்டும்” என்று சுகாதாரத் துறையினர் வலியுறுத்துவது இதனால்தான்.

மூன்றாவது கணக்குதான் வியப்பானது. போலியோ அறவே இல்லாத இடத்திலும் குழந்தைகளுக்குக் கை, கால் திடீரெனத் துவள்வதுண்டு. கில்லன்-பாரே எனப்படும் நரம்பு நோய் அதற்கு ஒரு காரணம். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட 1 இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவராவது இப்படிப் பாதிக்கப்படுவார். எனவே உலகச் சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: போலியோ அல்லாத இத்தகைய நோயாளிகளை 1 இலட்சத்துக்கு ஒருவராவது கண்டுபிடித்துப் பதிவு செய்ய வேண்டும். ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்காத மாவட்டத்துக்குப் பாராட்டு கிடைக்காது. “அங்கே யாரும் தேடவில்லை போலிருக்கிறது” என்ற சந்தேகம்தான் கிளம்பும்.

தட்டம்மைக்கும் அப்படியே. சோதித்துப் பார்த்து ‘இது தட்டம்மை இல்லை’ என்று ஒதுக்கியவர்களின் எண்ணிக்கை, 1 இலட்சம் மக்களுக்கு ஆண்டுக்கு 2 பேராவது இருக்க வேண்டும். வாரக் கடைசியில் மருத்துவமனைகள் ‘இந்த வாரம் ஒருவரும் இல்லை’ என்று எழுதி அனுப்பும் முறையும் உண்டு. இதைப் பூஜ்ய அறிக்கை என்பார்கள். அறிக்கையே வராவிட்டால் நோய் இல்லையா, அறிக்கை எழுத ஆள் இல்லையா என்று தெரியாது. பூஜ்யம் என்று எழுதி வந்தால், ஒருவர் தேடிப் பார்த்திருக்கிறார் என்று தெரியும்.

2019இல் நாடு கற்ற இரண்டு பாடங்கள்

இவை ஏட்டுக் கணக்குகள் அல்ல. 2019ஆம் ஆண்டு மலேசியா இரண்டு முறை இதை அனுபவித்தது.

முதலாவது, கிளந்தான் மாநிலம் குவா மூசாங் பகுதியில் உள்ள கோலா கோ என்ற பாத்தேக் பூர்வகுடி மக்களின் கிராமம். அந்த ஆண்டு மே மாதம் முதலே அங்கே மக்கள் அடுத்தடுத்து இறந்தனர். நிமோனியா என்றார்கள், தண்ணீரில் நச்சு கலந்திருக்குமோ என்ற அச்சமும் எழுந்தது. ஜூன் 17ஆம் தேதி சுகாதார அமைச்சு காரணத்தை அறிவித்தது: தட்டம்மை. பத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்குள் இறந்திருந்தார்கள். அந்தக் கிராமத்தில் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை போட்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர். இரண்டாம் தவணை போட்டவர்கள் ஏறத்தாழ 30 பேர். மேலே போட்ட கணக்கை இதோடு பொருத்திப் பாருங்கள். காட்டுக்குள் இடம் மாறி மாறி வாழும் மக்களைத் தடுப்பூசி முழுமையாக எட்டவில்லை. நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே சாவுகள் நேர்ந்துவிட்டன.

இரண்டாவது, சபா. மலேசியாவில் போலியோ கடைசியாகப் பதிவானது 1992இல். 2000ஆம் ஆண்டில் நம் வட்டாரமே போலியோ அற்றது எனச் சான்று பெற்றது. 2019 செப்டம்பரில் அண்டை நாடான பிலிப்பீன்ஸ் போலியோ பரவலை அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, சபாவின் துவாரானைச் சேர்ந்த 3 மாத ஆண் குழந்தைக்குப் போலியோ என்று நம் சுகாதார அமைச்சு அறிவித்தது. 27 ஆண்டுகளில் முதல் நோயாளி. காய்ச்சலோடும் தசைப் பலவீனத்தோடும் வந்த குழந்தை அது. 27 ஆண்டுகளாக யாரும் காணாத நோயை நினைத்துப் பார்த்து மாதிரி எடுத்து அனுப்பியதால்தான் அது வெளிப்பட்டது.

கிருமியின் மரபணுவைப் படித்தபோது, பிலிப்பீன்சில் பரவிய கிருமியோடு அது உறவுடையது என்று தெரிந்தது. வாய்வழிச் சொட்டு மருந்தில் பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கும். தடுப்பு மருந்து போடாதவர்கள் நிறைந்த இடத்தில் அது நீண்ட காலம் ஆளுக்கு ஆள் தாவினால், மாற்றமடைந்து மீண்டும் வீரியம் பெறக்கூடும். எல்லாரும் தடுப்பு மருந்து எடுத்துக்கொண்ட ஊரில் அதற்குத் தாவ ஆள் கிடைக்காது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். நோயாளிகளைத் தேடியதோடு நிற்காமல் கழிவுநீரிலும் மாதிரி எடுத்தார்கள். 200 பேரில் 199 பேருக்குக் கால் துவளாவிட்டாலும் அவர்கள் குடலிலிருந்து கிருமி சாக்கடைக்கு வந்து சேரும் அல்லவா? சபாவில் பெரிய அளவில் சொட்டு மருந்து இயக்கம் நடந்தது. கோவிட் காலத்திலும் அது தொடர்ந்தது. மொத்தம் 4 குழந்தைகள் பாதிக்கப்பட்ட நிலையில், 2021 செப்டம்பரில் பரவல் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது.

வெற்றியே வில்லங்கமாகும்போது

இப்போது ஒரு சிக்கலைப் பார்ப்போம். 15 வயதுக்குக் கீழ் 1 இலட்சம் பிள்ளைகள் உள்ள ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் கால் துவளும் என்றோம். அந்த மாவட்டத்தில் 10 கிளினிக்குகள் இருந்தால், ஒரு கிளினிக்குக்கு அப்படி ஒருவர் சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவார். நேற்று வேலைக்குச் சேர்ந்த தாதி, தன் முதல் நோயாளியைப் பத்தாவது ஆண்டில் சந்திக்கலாம். பயிற்சியில் படித்தது அதுவரை நினைவில் இருக்குமா?

முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கக்குவான் இருமலை வாசலில் கேட்ட சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவர் நூறு முறை கேட்டவர். இன்றைய இளம் மருத்துவர் பலர் அந்தச் சத்தத்தைக் காணொளியில்தான் கேட்டிருப்பார்கள். இது அவர்கள் குறையன்று. தடுப்பூசி தன் வேலையைச் செய்ததன் விளைவு. ஆனால் நோய் திரும்பி வந்தால் அதை அடையாளம் காணும் கண் வேண்டும். 2016இல் கெடா, மலாக்கா உள்ளிட்ட மாநிலங்களில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைகாட்டிக் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. வரலாற்றுப் பாடமாகிவிட்டது என்று நினைத்த நோய் அது.

ஆகவே அறிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அறிகுறிகளைப் படத்தோடு கிளினிக் சுவரில் ஒட்டி வைப்பது, ஆண்டுதோறும் மறுபயிற்சி கொடுப்பது, அழைக்க வேண்டிய எண்ணைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி வைப்பது எல்லாம் சிறிய செயல்களாகத் தெரியும். தீயணைப்புப் பயிற்சிக்காக உங்கள் பள்ளியில் மணியடித்துத் திடலுக்கு அனுப்புகிறார்களே, அதைப் போன்றதுதான் இதுவும். தீப்பிடித்த பிறகு வாசலைத் தேட முடியாது.

வேலூர் அஞ்சலட்டைகள்

கணினி வந்த பிறகுதான் இதெல்லாம் சாத்தியமானது என்று நினைக்காதீர்கள். 1980களில் தமிழ்நாட்டின் வட ஆர்க்காடு மாவட்டத்தில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிருமியியல் மருத்துவர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் ஒரு முறையை உருவாக்கினார்கள். மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவர்களுக்கும் அச்சிட்ட அஞ்சலட்டைகளைக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட நோய்களில் ஒன்றைச் சந்தேகித்தால் அட்டையில் குறித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும். வந்தவற்றைத் தொகுத்து, எந்த ஊரில் என்ன பரவுகிறது என்று ஒரு மாத இதழாக்கி அதே மருத்துவர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வட ஆர்க்காடு மாவட்டச் சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நதி’ என்று வரும். அதுவே அந்த முறையின் பெயரானது. வளரும் நாடுகளுக்கு ஏற்ற முன்மாதிரியாக 1998இல் ‘லான்செட்’ மருத்துவ ஆய்விதழில் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது.

அதில் நாம் கவனிக்க வேண்டியது, திருப்பி அனுப்பிய அந்த மாத இதழை. நீங்கள் ஆசிரியரிடம் கொடுக்கும் பயிற்சிப் புத்தகம் திருத்தப்படாமலே இருந்தால் எத்தனை வாரம் ஆர்வத்தோடு எழுதுவீர்கள்? சுகாதார ஊழியரும் அப்படித்தான். தான் அனுப்பிய தகவலால் ஒரு கிராமத்தில் தடுப்பூசி போட்டார்கள் என்று தெரிந்தால் அடுத்த அட்டையையும் அனுப்புவார்.

பெரியம்மையை உலகிலிருந்தே துடைத்ததும் இதே வழியில்தான். அந்த நோயின் படம் போட்ட அட்டையைச் சந்தையிலும் பள்ளியிலும் காட்டி “இப்படி யாரையாவது பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். இந்தியாவில் பெரியம்மை நோயாளியைக் காட்டிக்கொடுப்பவருக்கு 1975இல் 1,000 ரூபாய்வரை பரிசு அறிவித்தார்கள். ஒரு நோயாளியைக் கண்டால் அவரைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் ஊசி போட்டார்கள். 1980இல் உலகம் பெரியம்மை அற்றதாக அறிவிக்கப்பட்டது. தகவல் சொன்னவர்களில் உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

உங்கள் வேலை என்ன?

மலேசியாவில் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் 342 என்பார்கள். போலியோ, தொண்டை அடைப்பான் போன்ற நோய்களைச் சந்தேகித்தால் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கோலா லங்காட்டில் அந்த அலுவலகம் பந்திங்கில் இருக்கிறது. இன்னொன்றையும் அந்தச் சட்டம் சொல்கிறது. தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கு மட்டுமன்று. அந்த வீட்டில் வாழும் பெரியவர்களுக்கும் நோயாளியைக் கவனிப்பவருக்கும் உண்டு. சுகாதார நிலையத்திலோ, காவல் நிலையத்திலோ, கிராமத் தலைவரிடமோ சொல்லலாம்.

இந்த வாரம் வீட்டில் மூன்று காரியம் செய்யுங்கள். உங்களுடைய குழந்தைப் பருவச் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். குழந்தைப் பருவத் தட்டம்மை ஊசிகளும் 7 வயதில் பள்ளியில் போட்ட ஊசிகளும் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். 15 வயதை எட்டியவர்கள் இரணஜன்னித் தடுப்பூசியையும் சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லிக் கிளினிக்கில் கேளுங்கள். பள்ளிச் சுகாதாரக் குழு கொடுத்த ஒப்புதல் படிவம் புத்தகப் பையிலேயே கிடந்தால் அதையும் வெளியே எடுங்கள்.

இரண்டாவது, வீட்டில் தம்பி தங்கைக்குக் காய்ச்சலோடு செந்தடிப்பு வந்தாலோ, கை கால் திடீரெனத் துவண்டாலோ “ரெண்டு நாள் பார்க்கலாம்” என்று பெரியவர்கள் சொன்னால், நீங்கள் படித்ததைப் பணிவோடு சொல்லுங்கள். 14 நாள் கெடு இருப்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

மூன்றாவது, கிளினிக்கில் மிஸ்ஸி “எங்கேயாவது பயணம் போனீர்களா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா? ஊசிப் புத்தகம் கொண்டு வந்தீர்களா?” என்று அடுக்கடுக்காகக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் வலை வீசுகிறார். சரியான விடை கொடுங்கள்.

உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

1. ஒரு மாவட்டத்தில் 15 வயதுக்குக் கீழ் 3 இலட்சம் பிள்ளைகள். கடந்த ஆண்டு கை, கால் துவண்ட ஒருவர்கூடப் பதிவாகவில்லை. இது நல்ல செய்தியா?

2. கால் துவண்ட சிறுமியிடம் 20ஆவது நாளில் ஒரே ஒரு மல மாதிரி எடுத்தார்கள். முடிவு: கிருமி இல்லை. “போலியோ இல்லை” என்று உறுதியாகச் சொல்லலாமா?

3. தொண்டையில் சாம்பல் நிறப் படலத்தோடு வந்த தொழிற்சாலை ஊழியருக்கு 25 வயது. “இது குழந்தைகள் நோய்” என்று திருப்பி அனுப்பலாமா?

விடைகள்: 1. இல்லை. குறைந்தது 3 பேராவது பதிவாகியிருக்க வேண்டும்; தேடல் சரியாக நடக்கவில்லை என்று பொருள். 2. முடியாது. 14 நாள் கடந்துவிட்டது, இரண்டாவது மாதிரியும் இல்லை. 60ஆவது நாளில் அவளை மீண்டும் பார்த்து, நிபுணர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 3. கூடாது. தடுப்பூசியின் பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். பெரியவர்களுக்கும் தொண்டை அடைப்பான் வரும்.